கதவடைப்பு நாள்

அந்தக் கதவைத் தட்டாதீர்கள் தம்பி. தட்டினாலும் திறக்காது. ஆள் உள்ளேதான் இருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் சூரியன் இறங்கும்போது சாத்தியது. இன்று வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் அது கதவு இல்லை, சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வாருங்கள். அந்த நாற்காலியை வேப்பமரத்து நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்தா வருகிறீர்கள்? இவளைப் பார்க்கவா? நல்ல தூரம்தான். திரும்பிப் போகிறதைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்றைக்குப் பக்கத்துக் குலசையில் தசரா. விடிய விடிய இந்த வழியாக பஸ் ஓடும்.

என் பேர் ஞானத்தங்கம். உள்ளே இருக்கிற மல்கா என் தம்பி தேவசிங்கின் பெண்டாட்டி. தம்பி இப்போது இல்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில்கூட தூணுக்குப் பின்னால்தான் எனக்கு இடம். எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவளைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடக் கூடாது.

இன்றைக்கு என்ன நாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே. பாவநிவிர்த்தி நாள். யூதர்களுக்கு வருஷத்திலேயே பெரிய உபவாசம். பம்பாய்ப் பக்கத்தில் இருக்கிற அவள் ஜனங்கள் இதைக் கதவடைப்புப் பண்டிகை என்பார்களாம். வெள்ளை உடுத்திக் கதவைச் சாத்திக்கொண்டால், ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது, வெளி மனுஷரோடு ஒரு பேச்சுக் கிடையாது. பிறையிலிருந்து பத்தாம் நாள். இந்த வருஷம் பாருங்கள், தசராவும் அதுவும் ஒரே நாளில் விழுந்துவிட்டது. காலையில் நேர்த்திக்கடனுக்குக் காளி வேஷம் போட்ட ஒரு கூட்டம் மேளத்தோடு வந்து சரியாக அவள் வாசலில் நின்றது. காணிக்கைத் தட்டு வேறு. நான் ஓடிப்போய் இருபது ரூபாய் போட்டு, "அடிக்காம போங்கடே, புண்ணியமாப் போகும்" என்றேன். எனக்குத் தலைவலி, அதனால்.

சிரிக்கிறீர்கள். எனக்குத் தலைவலி உண்டு தம்பி.

யூதச்சிதான், ஆனால் ஏசுவை விசுவாசிக்கிறவள். அதைத் தெரிந்துதானே நீங்களும் வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கோயிலுக்கு வருவாள், எங்கள் பாட்டையெல்லாம் பாடுவாள், கண்ணை மூடி ஜெபிப்பாள். சனிக்கிழமை அவள் சட்டம் அவளுக்கு. அடுப்புப் பற்றவைக்க மாட்டாள், பஸ் ஏற மாட்டாள், துணி துவைக்க மாட்டாள். ஒரே ஆளுக்கு வாரத்தில் இரண்டு ஓய்வு. நான் வாரம் முழுக்க வேலை செய்கிறவள்.

என் தம்பி பம்பாயில் ரயில்வே பட்டறையில் இருந்தபோது அங்கேயே பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். நான் சம்மதிக்கவில்லை. எனக்குப் பதினாலு வயதில் அப்பா போனார், அடுத்த வருஷம் அம்மா. இவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எனக்குக் கல்யாணம் என்ற பேச்சே வராதபடி வளர்த்தேன். அவன் என்னைக் கேட்காமல் ஒருத்தியைக் கட்டினால்? அதனால் வருஷத்துக்கு ஒருமுறை தனியாக வந்து போவான். ஓய்வு பெற்ற பிறகுதான் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை குட்டி இல்லை. என் வீட்டுப் பக்கத்திலேயே இந்த வீட்டைக் கட்டினான்.

வந்த அன்றைக்கு வாசல் கொள்ளாத கூட்டம். பம்பாய்க்காரியைப் பார்க்க இல்லை, ஏசுவின் ஜனத்தைச் சேர்ந்தவளைப் பார்க்க. கீழத்தெரு செல்லப்பூ அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒங்களுக்கு அவரு என்ன முறை வேணும்?" என்று கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவள் சிரித்துக்கொண்டே, "தூரத்துச் சொந்தம்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஊர் அதைச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டது. மறுநாளே காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தலையில ஒரு கை வைங்கம்மா" என்று நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு முந்தின நாள் ராத்திரி கசாயம் வைத்துக் கொடுத்தது நான். காய்ச்சல் விட்டது. பேர் யாருக்கு?

யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அவர் ஆண்டவர். முழங்கால் தேயத் தேயக் கிட்டே போகிறோம். அவளுக்கு அவர் பெரியப்பா வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆறு வயதிலிருந்து ஒரு ஞாயிறு தப்பாமல் போய் நான் பிடித்த இடத்தில், இவள் பிறந்து விழுந்ததற்காகவே காலை நீட்டி உட்காருகிறாள். பொறாமையா? எனக்கா? நான் நியாயம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் உள்ள மீன்தான் தின்பாள். சுறா கூடாது, கணவாய் கூடாது, நண்டும் இறாலும் கூடவே கூடாது. கடற்கரைக்கு நாலு மைலில் இருந்துகொண்டு இறால் தின்ன மாட்டேன் என்கிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? "ஏசு வந்தாச்சு, எல்லாத்தையும் முடிச்சாச்சு. இன்னும் எதுக்குட்டி இந்தப் பழைய சட்டம்?" என்றேன்.

"அவரும் இப்படித்தான மைனி வாழ்ந்தாரு" என்றாள். புருஷனின் அக்காவை இங்கே மைனி என்போம். அதை மட்டும் தம்பி அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். "அவங்க அம்மா வெள்ளிக்கிழம விளக்கு ஏத்திருப்பாங்கல்ல? அவங்க வீட்டுச் சட்டியில நண்டு இருந்திருக்காதுல்ல?"

"அப்ப நாங்க? நாங்க சுறாப்புட்டு திங்கோம். எங்களுக்கு நரகமா?"

"ஐயோ, இல்ல மைனி. உங்களுக்கு இந்தச் சுமை வேண்டாம்னு அவரோட சீஷருங்களே அப்பவே பேசி முடிச்சுட்டாங்க. இத வச்சு நான் மோட்சம் போகல. மோட்சம் அவரு சும்மா குடுத்தது. இது எங்க அம்மா குடுத்தது. ரெண்டுல எத நான் தூக்கிப் போடணும், நீங்களே சொல்லுங்க."

எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

அவள் கஷ்டப்படாதவள் என்று சொல்ல மாட்டேன். ஏசுவை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன அன்றைக்கு அவள் அப்பா, மகள் செத்துப்போனாள் என்று ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தாராம். உயிரோடு இருக்கிற மகளுக்கு. அவர் சாகும்போதுகூட இவளை உள்ளே விடவில்லை. "அங்க போனா கிறிஸ்துக்காரின்னு கதவச் சாத்துறாங்க. இங்க வந்தா சனிக்கிழமக்காரின்னு சிரிக்கிறாங்க" என்று ஒரு தடவை பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொன்னாள். பாவம்தான். ஆனால் அன்றைக்கு அழாத பெண் இல்லை. நான் இத்தனை வருஷத்தில் எத்தனை சாட்சி சொல்லியிருப்பேன், யார் கண்ணில் ஒரு சொட்டு வந்தது? எனக்கு விசுவாசத்துக்காக இழக்கிறதற்கு ஒரு அப்பனாவது மிச்சம் இருந்தாரா?

நீங்கள் மிக்சர் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். காலையிலிருந்து பசியில்லை. வாயுவாக இருக்கும். போன வருஷமும் இப்படித்தான், சரியாக இந்த நாளில் எனக்குப் பசிக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் கொடுக்கிற நற்கருணை. அதற்கான திராட்சை ரசம் நான் செய்கிறது. எனக்கு முப்பத்திரண்டு வயதில் அந்த வேலை கையில் வந்தது. கறுப்பு உலர்ந்த திராட்சையைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பீங்கான் பரணியில் போட்டு, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் நாலு கிராம்பும் சேர்த்து, மரக்கரண்டியால் தினம் ஒரே பக்கமாகக் கிண்டி, வடித்து எடுக்க வேண்டும். எத்தனையோ பாஸ்டர்கள் வந்தார்கள், போனார்கள். ரசம் மாறவில்லை. யாரும் பாராட்டியதில்லை. பாராட்டுவதற்கு அது என்ன பாயசமா? ஆனால் கிண்ணம் வரிசையில் வரும்போது ஒவ்வொரு வாயிலும் படுகிறது நான் கிண்டினது. தூணுக்குப் பின்னால் இருந்தாலும் எனக்கு அது தெரியும்.

இவள் வந்த முதல் வெள்ளிக்கிழமை, இருட்டும் நேரத்தில் விளக்கேற்றி, தலையை மூடி, கையில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு என்னமோ ஓதுகிறாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, தெரிந்தது. டம்ளரில் என்ன என்று தம்பியிடம் கேட்டேன். திராட்சைத் தண்ணீராம். அதே கறுப்புத் திராட்சை! ஊறவைத்து, பிசைந்து, பிழிந்து வடிகட்டுகிறது. அவள் ஊர்ப்பக்கம் நல்ல ரசம் கிடைக்காத காலத்திலிருந்து அவள் ஜனங்களுக்கு அதுதான் வழக்கமாம். உலகத்தில் இத்தனை பழம் இருக்கும்போது என் பழத்திலேயே வந்து கை வைத்தாள்.

தேவசிங் படுத்த படுக்கையானபோது, கடைசி நாட்களில் ஒன்றும் இறங்கவில்லை. நான் கஞ்சி கொண்டுபோவேன், தலையைத் திருப்பிக்கொள்வான். "மல்கா போடுத திராட்சத் தண்ணி ரெண்டு மொடக்கு குடுக்கா" என்று என்னிடமே கேட்டான். என்னிடம்! அவள் வீட்டிலிருந்து வாங்கிவந்து அவன் வாயில் விட்டேன். விழுங்கினான். நான் வைத்த கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

அவன் ஜனவரியில் போனான். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் பாஸ்டரையா துக்கம் விசாரிக்க அவள் வீட்டுக்கு வந்தவர், அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்கிறார். பெரிய வியாழனுக்கு நீங்களே செய்து கொடுங்களேன், ஆண்டவர் தம் சீஷரோடு குடித்தது உங்கள் வீட்டு வழக்கம்தானே என்று கேட்டாராம். செல்லப்பூ வந்து சொன்னாள். அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். "மைனி கை அது. அதுல நான் கை வைக்கக் கூடாது" என்று சொன்னாளாம்.

நல்லதுதானே என்கிறீர்களா? நீங்கள் சின்ன வயது. அதுவரை அந்த ரசம் என்னுடையது. அன்றிலிருந்து அவள் விட்டுக்கொடுத்து நான் செய்கிற ரசம். அவள் கேட்டு வாங்கியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஜெயித்தோ தோற்றோ போயிருப்பேன். பிச்சையாகப் போட்டுவிட்டாளே. எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்று பாருங்கள்.

அந்த வருஷம் இந்தக் கதவடைப்பு நாளுக்கு முந்தின சாயங்காலம் என் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்துகிறதற்கு முன்னால், பழகின மனுஷரிடமெல்லாம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தம்பி இருந்தவரைக்கும் அவனும் கூட வந்து நிற்பான். அவன் முகத்துக்காக "சரி, போ போ" என்பேன். அந்த வருஷம் தனியாக வந்தாள்.

"மைனி, நான் ஏதாவது உங்க மனசு நோகச் செஞ்சிருந்தா மன்னிச்சுருங்க."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, பாவமெல்லாம் தீந்துபோச்சுன்னு ஞாயித்துக்கெழம அந்தப் பாடு பாடுத. பொறவு எதுக்குக் கதவடச்சுப் பட்டினி? எதுக்கு வீடு வீடா மன்னிப்பு? ஏசு தீத்தது ஒனக்குப் பத்தலயா?" என்றேன்.

"எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருந்தத அவரு தீத்துட்டாரு மைனி. அதுக்காக நான் பட்டினி இல்ல. அதுக்கு நன்றி சொல்லத்தான் உக்காருறேன். எங்க ஜனம் இன்னும் அவர அறியலேன்னு அழத்தான் உக்காருறேன். ஆனா எனக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறத நீங்கதான தீக்கணும்? எங்க பெரியவங்களும் அதத்தான் சொன்னாங்க. ஏசுவும் அதேதான சொன்னாரு, காணிக்கையப் பீடத்துகிட்ட வச்சிட்டு, முதல்ல போய் மனஸ்தாபத்தத் தீத்துட்டு வான்னு."

எனக்கே வேதம் சொல்லித் தருகிறாள். நான் அந்த வசனத்துக்கு ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கினவள். சோப்பு டப்பா.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்பதில் என்ன தப்பு? மன்னிப்பு என்றால் கடைச் சரக்கா, கேட்டவுடன் மடித்துக் கொடுக்க? "என்ன செஞ்சேன்னு சொன்னா திருத்திக்குவேன் மைனி" என்றாள். "ஒனக்கே தெரியணும்" என்றேன். சூரியன் இறங்கியது. போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் செய்தாளே ஒரு காரியம், அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அடுத்த நற்கருணை ஞாயிறு. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகிறோம். இவள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருக்கிறாள். சரி, முழங்கால் வலியாக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே. கிறிஸ்துமஸ் அன்றைக்கும். பாட்டெல்லாம் பாடுகிறாள், காணிக்கை போடுகிறாள், கிண்ணம் என்றால் மட்டும் உட்கார்ந்துவிடுகிறாள். பாஸ்டரையா கேட்டதற்கு, "எனக்கு ஒரு பாக்கி இருக்கு ஐயா, அது முடியட்டும்" என்றாளாம்.

பாக்கியாவது ஒன்றாவது. எனக்குத் தெரியாதா? நான் செய்த ரசம் அவள் தொண்டையில் இறங்காது. அவள் பிழிகிறதுதான் சுத்தம். அதை வாயால் சொல்லாமல் உட்கார்ந்து காட்டுகிறாள், ஊர் முன்னால், மாதா மாதம்.

நானும் பார்த்தேன். சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன். கிராம்பு காரமாக இருக்கிறதோ என்று ஒரு மாதம் கிராம்பே போடவில்லை. ஒருவேளை கோதுமை அவள் சட்டத்துக்கு ஆகாதோ என்று கோதுமையை விட்டேன். தூத்துக்குடியிலிருந்து விலை கூடின திராட்சை வாங்கிவரச் சொன்னேன். மற்றவர்கள் எல்லாம் குடித்தார்கள். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாருக்காக மாற்றினேனோ அவள் தலை நிமிரவே இல்லை.

போன வருஷம் இந்த நாளுக்கு முன்னால் மறுபடியும் வந்தாள். அதே கேள்வி. எனக்கு வந்த ஆத்திரத்தில் மன்னிக்கத் தோன்றுமா, சொல்லுங்கள். "யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

நான் ஒன்றும் அவளை ஒதுக்கிவைக்கவில்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை குழம்பு வைத்தால் அவளுக்கும் ஒரு சட்டி போகும். விளமீன் அல்லது பாறை, செதிலைப் பார்த்துத்தான் வாங்குவேன். மீன்காரியிடம் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்ப்பேன், "ஒனக்கு என்னைக்கிருந்து கண்ணு இப்படி வந்துச்சு?" என்பாள் அவள். இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமாகவா வாங்க முடியும்? அதனால் நானும் சுறாவை விட்டுவிட்டேன். சனிக்கிழமை நானும் அடுப்புப் பற்றவைக்கிறதில்லை. கேஸ் விற்கிற விலை அப்படி.

மூன்றாம் தடவை நேற்று. வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். இளைத்துத்தான் போயிருக்கிறாள்.

"மைனி, மூணாவது வருஷம்."

"தெரியும். எனக்கும் எண்ணத் தெரியும்."

"இன்னும் யோசிச்சு முடிக்கலியா?"

"முடிஞ்சா சொல்லமாட்டனா?"

அந்த வழக்கத்தின் மற்றப் பாதியை நான் உங்களுக்குச் சொல்லவில்லையே. தம்பி முன்பு எனக்குச் சொன்னது. மூன்று தடவை கேட்க வேண்டுமாம். மூன்றுக்கும் கிடைக்காவிட்டால் கேட்டவள் மேல் குற்றமில்லை. அதற்கு மேல் கேட்க வேண்டியதும் இல்லை. பாக்கி தீர்ந்ததாகக் கணக்கு. பாரம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முறத்தைப் பார்த்தேன். "நேரமாச்சு" என்று திரும்பினவள், படி இறங்கி நின்று, "நான் உங்கள மன்னிச்சுட்டேன் மைனி. நீங்க கேக்கலன்னாலும்" என்றாள்.

கேட்டீர்களா அநியாயத்தை! என்னை மன்னிக்கிறாளாம்! நான் என்ன செய்தேன்?

ராத்திரி முழுக்க அதுதான். காலையில் எழுந்து வாசல் தெளித்தேன், அவள் வாசலையும் சேர்த்துத் தெளித்தேன், அவள் இன்றைக்குச் செய்ய மாட்டாளே. அப்புறம் காளி வேஷக்காரர்கள். அப்புறம் நீங்கள்.

ஆமாம், உங்கள் விஷயம் எனக்குப் புரிந்தது. உங்கள் சபை பெரிய சபை. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய், வீடு கொடுத்து, பஸ்கா என்றால் என்ன, ஓய்வுநாள் என்றால் என்ன என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்க வேண்டும். வருவாளா என்று கேட்கிறீர்கள். நான் இவ்வளவு நேரமும் அவள் குணத்தைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? இப்படிப்பட்டவள் உங்களுக்கு எதற்கு? சனிக்கிழமை கூட்டம் வைத்தால் வண்டி ஏற மாட்டாள். விருந்து வைத்தால் பாதியைத் தின்ன மாட்டாள். நற்கருணை என்றால் உட்கார்ந்துவிடுவாள்.

என்ன? எந்த மாதத்திலிருந்து உட்கார்ந்தாள் என்றா? அதைத்தான் சொன்னேனே.

சரி, சரியாகவே சொல்கிறேன். பெரிய வியாழன் அன்றைக்குக் குடித்தாள். பாஸ்டரையாவுக்கு மாட்டேன் என்று சொன்ன அதே வாரம். எனக்குப் பக்கத்தில்தான் முழங்கால் போட்டிருந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, மற்றவர்கள் மாதிரி உதட்டை நனைத்துவிட்டு விடாமல், ஒரு வாய் நன்றாகவே குடித்தாள். ஈஸ்டருக்குக் குடித்தாள். மே, ஜூன், ஜூலை குடித்தாள். ஆகஸ்டு, செப்டம்பர் குடித்தாள். செப்டம்பர் கடைசியில் இந்த நாள் வந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அக்டோபர் முதல் ஞாயிறுதான் உட்கார்ந்தாள்.

அதற்கும் இதற்கும் என்ன?

காணிக்கையை வைத்துவிட்டு...

இருங்கள். நீங்கள் பேசாதீர்கள் தம்பி, கொஞ்சம் இருங்கள்.

அப்படியென்றால், ரசத்தில் குறை இல்லை என்கிறீர்களா?

முழுசாக இரண்டு வருஷம். ஒரு கிண்ணம்கூட இல்லாமல். ஏசு தன் வீட்டு மேசையிலிருந்து கொடுத்தது என்று அவள் சொல்லுவாளே, அதை. என் ஒரு வார்த்தைக்காகவா? நான் அதற்குள் கோதுமையை நிறுத்தினேன், கிராம்பை நிறுத்தினேன். ஒரு பைத்தியக்காரி செய்வாளா இதை? நான் அவளைச் சொல்கிறேன். வாயைத் திறந்து, "மைனி, உங்களாலதான்" என்று சொல்லியிருக்கலாமே? சொல்ல மாட்டாள். சொன்னால் எனக்கு வலிக்கும் என்று சொல்ல மாட்டாள். அவ்வளவு நல்லவள் அவள். என்னால் தாங்கவே முடியாத அளவுக்கு நல்லவள்.

இனி கேட்க மாட்டாள். மூன்று முடிந்துவிட்டது.

வெளிச்சம் குறைந்துவிட்டது, பாருங்கள். அதோ மேற்கே, பனைக்கு மேலே ஒன்று. அது சாயங்கால வெள்ளி, அதை எண்ணக் கூடாது என்பாள். இதோ இங்கே ஒன்று. வேப்பங்கிளைக்கு நடுவில் ஒன்று. எழுந்திருங்கள் தம்பி, எனக்கு வழிவிடுங்கள். உள்ளே ஒரு வேலை இருக்கிறது. காலையிலேயே கொஞ்சம் திராட்சை ஊறப்போட்டேன். வாயுக்கு நல்லது என்றுதான். பிசைந்து வடித்து வைத்திருக்கிறேன். அவள் செய்கிற மாதிரி, சர்க்கரை போடாமல். பக்குவம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பட்டினி கிடந்தவள் முதலில் என்ன குடிப்பாள்? தண்ணீர் குடிப்பாள். அவளே எழுந்து அவளே மொண்டு குடிப்பாள், வேறு யார் இருக்கிறார்கள்? இன்றைக்கு நான் கொண்டுபோகிறேன். அவள் தாழ்ப்பாளை எடுக்கிறபோது வாசலில் நான் நிற்க வேண்டும். அவள் கேட்காமல் நான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? மன்னித்தேன் என்றா, மன்னித்துக்கொள் என்றா? இரண்டையும் ஒரே வாயில் எப்படிச் சொல்வது? போகும்போதே யோசித்துக்கொள்கிறேன். இல்லை, யோசிக்க வேண்டாம். யோசித்தது போதும்.

நீங்கள் எங்கே கூட வருகிறீர்கள்?

நீங்கள் கிளம்புங்கள் தம்பி. பஸ் போய்விடும். விடிய விடிய ஓடும் என்று நானா சொன்னேன்? அது குலசைக்குப் போகிற பஸ். சென்னைக்கா போகிறது? இப்போதே நடந்தால் பெரிய ரோட்டு விலக்கில் பிடித்துவிடலாம். உங்கள் விலாச அட்டையை என்னிடம் கொடுங்கள், நான் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கொடுப்பேன். ஒருநாள் கொடுப்பேன். உங்கள் ஊரில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், பஸ்காவைப் பற்றிப் பேச. எனக்கு வெள்ளிக்கிழமை மீன் வாங்க ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது.

அதோ, மூன்றாவது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. வழியை மறைக்காதீர்கள் தம்பி. டம்ளர் விளிம்பு வரைக்கும் இருக்கிறது, சிந்திவிடப் போகிறது.